முயல் தசையும் மூன்று புட்டிகளும்: கல்லூரி ஆய்வகத்துக்கான கிளிசரின் தசைப் பெட்டி, ஒரு மதிப்பீடு

பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பவை கொஞ்சம்தான். 50% கிளிசரின் நிரப்பிய குழாயில், குச்சியோடு சேர்த்துக் கட்டிய முயல் தசைத் துண்டு ஒன்று. மூன்று சொட்டுப் புட்டிகள். ஒன்றில் 0.25% ஏடிபி (ATP, தசைக்கு எரிபொருளாகும் மூலக்கூறு) மட்டும். இன்னொன்றில் அதே ஏடிபியோடு 0.05 மோலார் பொட்டாசியம் குளோரைடும் 0.001 மோலார் மெக்னீசியம் குளோரைடும். மூன்றாவதில் ஏடிபி இல்லாமல் அந்த இரண்டு உப்புகள் மட்டும். கூடவே ஒரு செய்முறைத் தாள். விற்பவரைப் பொறுத்துப் புட்டியின் எண்ணும் தசையின் அளவும் மாறலாம், சாரம் இதுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தசை சுருங்குவதை மூலக்கூறு மட்டத்துக்கு மிக அருகில் சென்று வெறும் கண்ணால் பார்க்க, ஒரு பட்டப்படிப்பு ஆய்வகத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை. வாங்கலாம். ஆனால் பெட்டி பாதிப் பாடத்தோடு நின்றுவிடுகிறது. சுருங்கிய தசை எப்படித் தளர்கிறது என்பதைக் காட்ட அதில் ஒரு சொட்டுக் கரைசல்கூட இல்லை. இத்தனைக்கும் தளர்வைக் காட்டுவது பெரிய செலவில்லை. ஈஜிடிஏ என்ற வேதிப்பொருளைத் தனியாக வாங்கி, நான்கைந்து உப்புகளை ஆய்வக அலமாரியிலிருந்து எடுத்தால் போதும். அந்தச் செய்முறையையும் கீழே முழுதாகத் தந்திருக்கிறோம்.

விலங்கியல் பட்டப் படிப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் அறிவுறுத்திய பிறகு, தவளையின் கெண்டைத் தசையைக் கைமோகிராஃபில் (தசையின் அசைவைச் சுழலும் உருளையில் பதியும் கருவி) மாட்டி வளைகோடு வரைகிற வேலை பல கல்லூரிகளில் ஏட்டோடு நின்றுபோனது. அந்த இடத்தை இந்தப் பெட்டி நிரப்புமா என்று கேட்டால், நிரப்பாது. இது வேறு சோதனை. கைமோகிராஃபில் நரம்பு, சவ்வு, மின்தூண்டல் எல்லாம் உண்டு. இங்கே அவை எதுவும் கிடையாது. கிளிசரினில் வாரக்கணக்கில் ஊறிய தசையின் சவ்வுகள் ஓட்டையாகி, உள்ளே இருந்த ஏடிபி, கால்சியம், கரையக்கூடிய நொதிகள் எல்லாம் வெளியே கசிந்துவிடுகின்றன. மிஞ்சுவது தசையைச் சுருக்கும் இரு வகைப் புரத இழைகளான ஆக்டினும் மயோசினும், அவற்றோடு ஒட்டியிருக்கும் புரதங்களும் மட்டுமே. காரின் சாவி, பேட்டரி, பெட்ரோல் டேங்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் மேசைமேல் வைத்தது போல. பெட்ரோலை நாமே சொட்டுச் சொட்டாக ஊற்றி ஓட்டிப் பார்க்கலாம்.

இந்த முறையைத் தந்தவர் ஹங்கேரிய உயிர்வேதியியலாளர் ஆல்பர்ட் சென்ட்-ஜ்யோர்ஜி. செகெட் நகரில் இருந்த அவருடைய ஆய்வகத்தில்தான் 1942-இல் ஸ்ட்ராப் ஆக்டினைப் பிரித்தெடுத்தார். ஆக்டினும் மயோசினும் கலந்த நூலில் ஏடிபியைச் சேர்த்தால் நூல் சுருங்குவதை அந்தக் குழு கண்டது. போருக்குப் பின் அமெரிக்கா சென்ற சென்ட்-ஜ்யோர்ஜி, முயலின் சோயஸ் தசையைக் கிளிசரினில் பதப்படுத்தும் முறையை 1949-இல் வெளியிட்டார். இன்று விற்கும் பெட்டியிலும் அதே சோயஸ்தான். முதுகெலும்பை ஒட்டி இடுப்புக்குள் ஓடும் தசை அது. இழைகள் நீளமாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்கும், இணைப்புத் திசு குறைவு. அதனால் ஊசியால் பிரிப்பது எளிது. இந்தத் தேர்வில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். குழாயிலிருந்து தசையைக் குச்சியோடு எடுத்து, கத்தரிக்கோலால் 2 சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, குளிர்ந்த கிளிசரின் உள்ள பெட்ரி தட்டில் போட வேண்டும். தட்டின் அடியில் ஐஸ் இருக்கட்டும். இரண்டு கண்ணாடி ஊசிகள் அல்லது நுனி கூரான இடுக்கிகளால் நீளவாக்கில் இரண்டாக, நான்காகப் பிரித்துக்கொண்டே போய், இரண்டு முதல் நான்கு தசைநார்கள் மட்டும் உள்ள மெல்லிய கட்டுகளாக ஆக்க வேண்டும். தடிமன் 0.2 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. செய்முறைத் தாளில் இந்த எண் ஒரு வரியாக வந்து போகிறது. மாணவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான் என்பதால் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

தடிமன் ஏன் இவ்வளவு முக்கியம்? வெளியிலிருந்து சொட்டிய ஏடிபி, கட்டின் நடுவுக்கு ஊடுருவித்தான் போக வேண்டும். போகிற வழியில் உள்ள ஒவ்வொரு மயோசின் தலையும் (ஆக்டினைப் பிடித்து இழுக்கும் பகுதி) அதைப் பிளந்து தின்றுகொண்டே இருக்கும். கட்டு தடியாக இருந்தால் ஓரத்து இழைகள் ஏடிபியை முழுக்கத் தின்றுவிடும், நடுவுக்கு எதுவும் எட்டாது. ஓரம் சுருங்க முயலும், நடு விறைத்தபடி நிற்கும், கட்டு வாழைப்பழத்தோல் போல வளையும். அளவுகோலில் வைத்தால் 5% கூடக் குறைந்திருக்காது. “தசை கெட்டுப்போயிருக்கிறது” என்று மாணவர் எழுதிவிடுவார். தசையில் பழுதில்லை, கட்டுதான் தடி.

பிரித்த கட்டு ஒன்றை ஸ்லைடில் வைத்து, ஒரு சொட்டுக் கிளிசரின், மேலே கவர் ஸ்லிப். 400 மடங்கு பெருக்கத்தில் குறுக்கு வரிகள் தெரிய வேண்டும். மைக்ராஸ்கோப்பின் ஒளித்துளையைக் கொஞ்சம் மூடினால் வரிகள் எடுப்பாகும். இருண்ட பட்டைதான் மயோசின் இழைகள் அடுக்கியிருக்கும் இடம், அகலம் ஏறத்தாழ 1.6 மைக்ரோமீட்டர். வெளிர்ப் பட்டையில் ஆக்டின் மட்டும். வரியே தெரியாத கட்டைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். பிரிக்கும்போது நசுங்கியிருக்கும், அல்லது வழியில் வெயிலில் கிடந்து கெட்டிருக்கும்.

அளவெடுக்கும் கட்டுக்குக் கவர் ஸ்லிப் வேண்டாம். இன்னொரு ஸ்லைடில் நேராகக் கிடத்தி, அதிகக் கிளிசரினை வடிதாளின் ஓரத்தால் உறிஞ்சிவிட்டு, ஸ்லைடுக்கு அடியில் மில்லிமீட்டர் அளவுகோலை வைத்து நீளத்தைக் குறித்துக்கொள்ளவும். பிறகு மூன்று நான்கு சொட்டுகள். 30 விநாடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் மாற்றம் தெரியும். இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. கிளிசரினை வடிக்காமல் சொட்டுவது ஒன்று. அப்போது கெட்டியான கிளிசரினே ஏடிபியைத் தடுக்கும் உறையாகிவிடும். கட்டு சுருண்டு வளைந்த பிறகு இரு முனைகளுக்கும் இடையே நேர்க்கோட்டில் அளப்பது மற்றொன்று. வளைவு சுருக்கம் ஆகாது. ஊசியால் மெல்ல நேராக்கி, இழையின் வழியே அளக்க வேண்டும்.

நன்றாகப் பிரித்த கட்டில், ஏடிபியும் உப்பும் சேர்ந்த புட்டி பளிச்சென்ற விளைவைத் தரும். 2 சென்டிமீட்டர் கட்டு 1.3 சென்டிமீட்டருக்குக் குறைவது சாதாரணம். இன்னும் கீழேயும் போகலாம். இந்த எண்ணை மூலக்கூறுகளின் மொழியில் பேசவைக்க முடியும் என்பதுதான் இந்தப் பெட்டியில் எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம், தாளில் அது இல்லாவிட்டாலும். ஒரு சார்கோமியரின் (இழை நெடுக வரிசையாகத் திரும்ப வரும் சுருங்கும் அலகு) நீளம் 2.4 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2 சென்டிமீட்டர் இழையில் ஏறத்தாழ 8,300 சார்கோமியர்கள் ரயில் பெட்டிகள் போல வரிசையாக இருக்கின்றன. இழை 1.33 சென்டிமீட்டர் ஆனால், ஒவ்வொரு பெட்டியும் 2.4-லிருந்து 1.6 மைக்ரோமீட்டருக்கு வந்திருக்கிறது என்று பொருள். அதாவது ஆக்டின் இழைகள் இரு பக்கமும் 400 நானோமீட்டர் உள்ளே சரிந்திருக்கின்றன. மயோசின் தலை ஒரு முறை மடங்கினால் நகர்த்துவது 5 முதல் 10 நானோமீட்டர். எனவே இழுத்து, விட்டு, மறுபடி பிடித்து என்று குறைந்தது 40 சுற்றுகள் நடந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற இந்த 7 மில்லிமீட்டர் வரும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டுச் சோதனையைத் தொடங்கினால், ஸ்லைடில் கிடக்கும் நூல் மாணவருக்கு வேறு மாதிரித் தெரியும்.

இழைகள் சரிகின்றன, அவற்றின் நீளம் மாறவில்லை என்பதை 1954-இல் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்த இரண்டு கட்டுரைகள் சொல்லின. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் எழுதியது, மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்ல.

உப்பு மட்டும் உள்ள புட்டி எதையும் செய்யாது. செய்யவும் கூடாது, அது ஒப்பீட்டுக்கானது. அதில் சுருக்கம் தெரிந்தால், முந்தைய புட்டியின் சொட்டான் மாறிப்போயிருக்கும், அல்லது அதே ஊசியைக் கழுவாமல் தொட்டிருப்பீர்கள். ஏடிபி மட்டும் உள்ள புட்டிதான் வகுப்பைக் குழப்பும். சில கட்டுகள் அசையாது, சில கொஞ்சம் சுருங்கும். பக்கத்துப் பக்கத்து மேசைகளில் ஒரே புட்டிக்கு வேறு வேறு விடை வரும். மயோசினுக்கு எரிபொருள் வெறும் ஏடிபி அல்ல, மெக்னீசியத்தைத் தன்னோடு பிணைத்துக்கொண்ட ஏடிபி. இழைக்குள் ஒட்டிக்கொண்டு மிஞ்சியிருக்கும் மெக்னீசியத்தின் அளவு கட்டுக்குக் கட்டு வேறுபடுவதால் விடையும் வேறுபடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. டைசோடியம் ஏடிபியைத் தண்ணீரில் கரைத்தால் கரைசல் கடும் புளிப்பாக இருக்கும், பிஎச் 3 அளவுக்கு இறங்கும். நடுநிலைப்படுத்தாமல் அடைத்த புட்டியாக இருந்தால், அது இழையைப் புளிக்கவைத்துக் கெடுத்துவிடும். பிஎச் தாள் ஒரு துண்டு போதும். 7-க்கு அருகில் இல்லையென்றால் நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டிச் சரிசெய்யவும்.

புட்டியின் கணக்கிலேயே ஒரு குறை தெரிகிறது. 0.25% ஏடிபி என்பது சுமார் 4.5 மில்லிமோலார். கூட இருக்கும் மெக்னீசியமோ 1 மில்லிமோலார்தான். ஆக ஏடிபியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மெக்னீசியம் இல்லாமல் சும்மா மிதக்கிறது. நீங்களே கரைசல் தயாரித்தால் மெக்னீசியத்தை 6 மில்லிமோலாராக்குங்கள். சுருக்கம் வேகமாகவும் சீராகவும் வரும்.

கால்சியம் எங்கே?

மூன்று புட்டியிலும் கால்சியம் சேர்க்கப்படவில்லை. “தசை சுருங்கக் கால்சியம் வேண்டும் என்று படித்தோமே” என்று கவனமான மாணவர் ஒருவராவது கேட்பார். தாளில் பதில் இல்லை. கிளிசரினில் ஊறியதில், கால்சியத்தை உணரும் புரதமான ட்ரோபோனின் கழன்றுபோய்விட்டது, அதனால் கால்சியம் தேவையில்லை என்ற விளக்கம் வகுப்புகளில் சொல்லப்படுவதுண்டு. அது தவறு. நன்றாகப் பதப்படுத்திய சோயஸ் இழையில் ட்ரோபோனினும், ஆக்டினை மூடிக் கிடக்கும் ட்ரோபோமயோசினும் தம் இடத்திலேயே இருக்கின்றன.

உண்மையில் கால்சியம் அழைக்காமலே வந்து சேர்கிறது. ஓய்வில் இருக்கும் உயிருள்ள தசைநாரின் உள்ளே கால்சியம் வெறும் 0.1 மைக்ரோமோலார். சுருக்கம் தொடங்க அது 1 மைக்ரோமோலாருக்கு மேல் ஏறினால் போதும். சாதாரண வடிநீர், கண்ணாடிக் குடுவை, உப்புப் பொடியில் உள்ள மாசு என்று எல்லாவற்றிலிருந்தும் சில மைக்ரோமோலார் கால்சியம் கரைசலுக்குள் வந்துவிடுகிறது. போர்வெல் தண்ணீரில் கழுவி, வடிநீரால் அலசாத குழாய் என்றால் கேட்கவே வேண்டாம். அதாவது பெட்டியில் உள்ள சுவிட்ச் எப்போதுமே ‘ஆன்’ நிலையில் இருக்கிறது. அணைக்க வழி வைக்காததால் தளர்வு என்ற ஒன்றையே அது காட்ட முடியாமல் போகிறது.

இதற்கு இன்னொரு நுட்பமான துணைக் காரணமும் உண்டு. ஏடிபி மிகக் குறைவாக இருக்கும் இடத்தில், விறைத்து ஒட்டிக்கொண்டிருக்கும் மயோசின் தலைகளே ட்ரோபோமயோசினை நகர்த்திப் பக்கத்து ஆக்டின் இடங்களைத் திறந்துவிடும். 1972-இல் பிரெமெலும் வெபரும் காட்டியது இது. ஏடிபி மெல்ல ஊடுருவும் கட்டில், கால்சியம் இல்லாமலேகூடச் சற்று நேரம் சுருக்கம் வரும். கீழே வரும் செய்முறையில் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தளர்வைச் சேர்க்கும் செய்முறை

ஈஜிடிஏ கால்சியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், மெக்னீசியத்தை அவ்வளவாகத் தொடாது. அதனால்தான் அதைப் போன்ற இன்னொரு வேதிப்பொருளான ஈடிடிஏ இங்கே உதவாது. ஈடிடிஏ மெக்னீசியத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், எரிபொருளே போய்விடும்.

தளர்வுக் கரைசல், 100 மில்லிக்கு: பொட்டாசியம் குளோரைடு 0.6 கிராம், இமிடசோல் 0.136 கிராம், ஈஜிடிஏ 0.19 கிராம், ஆறு நீர் மூலக்கூறு கொண்ட மெக்னீசியம் குளோரைடு 0.122 கிராம், டைசோடியம் ஏடிபி 0.276 கிராம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்டு பிஎச் 7.0. ஈஜிடிஏ தண்ணீரில் எளிதில் கரையாது. முதலில் அதைத் தனியே எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டிக்கொண்டே கலக்கினால்தான் தெளியும். ஏடிபியைக் கடைசியில், வகுப்பன்று காலையில் சேர்த்து, ஐஸில் வைக்கவும்.

சுருக்கக் கரைசல்: மேலே உள்ளதோடு இரண்டு நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடு 74 மில்லிகிராம். கால்சியம் பிணையும்போது ஈஜிடிஏ ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடும், பிஎச் சரியும். எனவே பிஎச்சை மறுபடி 7.0-க்குக் கொண்டுவர வேண்டும். இதை மறந்தால் கால்சியம் இருந்தும் சுருக்கம் சோம்பலாக இருக்கும். எடையில் 10% கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. இரண்டு பக்கமும் தனிக் கால்சியம் சுருக்கத்துக்குப் போதுமான அளவிலேயே நிற்கும்.

விறைப்புக் கரைசல்: தளர்வுக் கரைசலேதான், ஏடிபி மட்டும் இல்லாமல்.

இனி ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சுருங்கிய இழையைத் தளர்வுக் கரைசலில் போட்டால் அது தானாகப் பழைய நீளத்துக்கு நீளும் என்று எதிர்பார்க்காதீர்கள். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. தளர்வு என்றால் பிடியை விடுவது. நீட்டிவிட வெளியே ஏதாவது ஒன்று வேண்டும்: உடலில் எதிர்த்தசை, இங்கே ஒரு சிறு எடை. ஸ்லைடில் கிடத்திய நூலில் தளர்வு தெரியாததற்கு இதுவும் காரணம்.

எனவே 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கட்டை எடுத்து, அலுமினியத் தாளில் வெட்டிய சிறு கொக்கிகளை இரு முனைகளிலும் மடித்துக் கவ்வவிடுங்கள். பட்டு நூலால் கட்டலாம், ஆனால் முடிச்சு வழுக்கும். மேல் கொக்கியைக் கம்பியில் மாட்டி, கீழ்க் கொக்கியில் எண் 10 ஸ்டேப்ளர் பின் ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஒரு பின்னின் எடை ஏறத்தாழ 0.03 கிராம். இந்தத் தடிமனுள்ள நல்ல கட்டு 0.3 கிராம் வரைகூட இழுக்கவல்லது, என்றாலும் பழைய தசையில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். மெல்லிய சோதனைக்குழாய்களில் கரைசல்களை நிரப்பி, குழாயை மேலே தூக்கி இழையை அதில் அமிழ்த்தினால் போதும். குழாயின் பின்னால் அளவுத்தாள்.

முதலில் ஐஸில் வைத்த விறைப்புக் கரைசலில் 5 நிமிடம். இழைக்குள் ஒட்டியிருக்கும் கால்சியத்தை ஈஜிடிஏ வாரிக்கொள்ளட்டும். நேராகத் தளர்வுக் கரைசலுக்குப் போனால், ஏடிபி உள்ளே நுழையும் அந்த முதல் கணங்களில் மேலே சொன்ன பிரெமெல், வெபர் விளைவால் இழை ஒரு துள்ளல் துள்ளும். அடுத்து, குளிர்ந்த தளர்வுக் கரைசல். விறைத்திருந்த இழை நெகிழும், ஸ்டேப்ளர் பின் சற்றுக் கீழே இறங்கும். ஏடிபி கொடுத்தும் சுருங்கவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பிறகு அறை வெப்பத்தில் உள்ள சுருக்கக் கரைசல். ஸ்டேப்ளர் பின் மேலே ஏறும்.

இப்போது இரண்டு இழைகளை வைத்துக்கொண்டு பாதையைப் பிரியுங்கள். இரண்டும் சுருங்கிய நிலையில் இருக்கின்றன. ஒன்றைத் தளர்வுக் கரைசலுக்கு மாற்றுங்கள்: கால்சியம் போய்விட்டது, ஏடிபி இருக்கிறது. ஸ்டேப்ளர் பின் மெல்லக் கீழே இறங்கும். மற்றதை விறைப்புக் கரைசலுக்கு மாற்றுங்கள்: கால்சியமும் போய்விட்டது, ஏடிபியும் போய்விட்டது. ஸ்டேப்ளர் பின் எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கும். இன்னொரு பின்னைச் சேர்த்தாலும் அசையாது.

இந்த ஒப்பீட்டுக்காகத்தான் இவ்வளவு பாடும். ஏடிபி தசையை இழுக்கவைக்கிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் மயோசின் தலையில் ஏடிபி வந்து உட்காரும்போது முதலில் நடப்பது அது ஆக்டினை விட்டு விலகுவதுதான். விலகிய பிறகே ஏடிபி பிளந்து, தலை மடிப்பு நிமிர்ந்து, அடுத்த இழுப்புக்குத் தயாராகிறது. பிளந்த துண்டுகளில் ஒன்றான ADP-யையும் தமிழில் ‘ஏடிபி’ என்றே எழுத நேரும். குழம்பாமல் இருக்க அந்தத் துண்டுகளை டைபாஸ்பேட்டும் தனிப் பாஸ்பேட்டும் என்று சொல்லிக்கொடுங்கள். அந்த இரண்டும் தலையிலேயே காத்திருக்கும். கால்சியம் ட்ரோபோனினில் ஒட்டி, ஏழு ஆக்டின் மணிகளை மூடிக் கிடக்கும் ட்ரோபோமயோசின் கயிறு ஒதுங்கினால், தலை ஆக்டினை இறுகப் பிடிக்கும், பாஸ்பேட் வெளியேறும், இழுப்பு நடக்கும், டைபாஸ்பேட்டும் வெளியேறும். புதிய ஏடிபி வராவிட்டால் தலை அப்படியே பூட்டிக்கொள்ளும். இறந்த உடல் விறைப்பதும், வெட்டிய ஆட்டுக்கறி சில மணி நேரத்தில் இறுகுவதும் இந்தப் பூட்டுதான். லிம்மும் டெய்லரும் 1971-இல் வகுத்த சுழற்சியின் சாரம் இது.

உயிருள்ள தசையில் ஈஜிடிஏ செய்யும் வேலையை சார்கோபிளாச வலைப்பின்னலின் (தசைநாருக்குள் கால்சியத்தைச் சேமிக்கும் அறைகள்) சவ்வில் உள்ள கால்சியம் பம்புகள் செய்கின்றன. ஒரு ஏடிபிக்கு இரண்டு கால்சியம் அயனிகளை அவை உள்ளே இழுத்துப் போடும். ஆக, தளர்வுக்கு இரண்டு இடத்தில் ஏடிபி செலவாகிறது. பம்பைப் பெட்டி காட்டாது, கிளிசரின் அந்தச் சவ்வைக் கெடுத்துவிட்டது. இதை மாணவரிடம் சொல்லிவிடுவது நேர்மை.

சிவப்பு லேசர் சுட்டி இருந்தால் இன்னொரு சோதனையும் கைக்கு எட்டும். 650 நானோமீட்டர் ஒளியை ஸ்லைடில் உள்ள ஒற்றை இழை வழியாகச் செலுத்தி, 10 சென்டிமீட்டர் தள்ளி வெள்ளைத்தாளை வைத்தால், சார்கோமியர் வரிகளே சல்லடையாகி நடுப்புள்ளிக்கு இரு பக்கமும் ஒளிக்கோடுகளை விழவைக்கும். சார்கோமியர் 2.4 மைக்ரோமீட்டர் என்றால் கோடு நடுவிலிருந்து 2.8 சென்டிமீட்டரில். 1.8 ஆகச் சுருங்கினால் 3.9 சென்டிமீட்டரில். இழை சுருங்கச் சுருங்கக் கோடு விலகும். அதிகம் சுருங்கினால் வரிசை கலைந்து கோடு மங்கிவிடும், தடித்த கட்டில் தொடக்கத்திலிருந்தே தெரியாது. கற்றை கண்ணில் படாதபடி மேசையை அமைக்கவும்.

ஆண்டுதோறும் வெளிநாட்டுப் பெட்டிக்குப் பணம் ஒதுக்க முடியாத துறைகள் தசையை உள்ளூரிலேயே பதப்படுத்தலாம். ஆடு அறுத்து ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்கும் முதுகுக்கறியின் உட்புறத் தசையில், இழையோட்டத்தின் வழியே 3 மில்லிமீட்டர் தடிமனில் கீற்றுகள் எடுத்து, ஐஸ்கிரீம் குச்சியில் இரு முனையும் கட்டிவிட்டுப் பிறகு வெட்ட வேண்டும். கட்டாமல் வெட்டினால் கீற்று சுருங்கி அப்படியே விறைத்துவிடும், பின்னால் சோதனையில் சுருங்க இடமே இருக்காது. 50% கிளிசரின், 20 மில்லிமோலார் இமிடசோல், 5 மில்லிமோலார் ஈஜிடிஏ, பிஎச் 7.0. ஒரு நாள் 4 டிகிரியில், நடுவில் இரண்டு முறை கரைசலை மாற்றி. பிறகு உறைநிலைக்கு 20 டிகிரி கீழே குறைந்தது இரண்டு வாரம். கடையில் மதியம் வரை தொங்கிய கறி வேண்டாம். அதில் ஏடிபி ஏற்கெனவே தீர்ந்து பூட்டு விழுந்திருக்கும். விலைப்பெட்டியின் சோயஸ் அளவுக்கு ஆட்டுத்தசை நேராகப் பிரியாது, இணைப்புத் திசு தொல்லை தரும். ஆனால் எடை தூக்கும் சோதனைக்குத் தாராளமாகப் போதும்.

பெட்டியையே வாங்குவதாக இருந்தால், விற்பவரிடம் முன்கூட்டியே மூன்று கேள்விகள். தசை கிளிசரினில் இடப்பட்ட தேதி என்ன? ஆறு மாதத்துக்கு மேல் ஆனது என்றால் விசை குறைந்திருக்கும். வழியில் குளிர் எப்படிக் காக்கப்படுகிறது? ஐஸ் பொதி இரண்டு நாளில் கரைந்துவிடும், சுங்கத்தில் ஒரு வாரம் நின்றால் என்ன செய்வார்கள்? ஏடிபியைக் கரைசலாகத் தருகிறார்களா, பொடியாகவா? பொடியாகத் தருபவரையே தேர்ந்தெடுங்கள். கரைசலில் உள்ள ஏடிபி அறை வெப்பத்தில், அதுவும் புளிப்பான நீரில், நாளுக்கு நாள் உடைந்துகொண்டே இருக்கும். தசையோ கிளிசரினில் அதைவிட நீண்ட நாள் தாங்கும்.

பெட்டி வந்த அன்றே ஒரு கட்டைப் பிரித்துச் சோதித்துவிடவும், வகுப்பு நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். சுருக்கம் வரவில்லையென்றால் தசையைத் திருப்பி அனுப்பும் முன், புதிதாக நிறுத்துக் கரைத்து பிஎச் சரிசெய்த ஏடிபியை அதே தசையின் இன்னொரு மெல்லிய கட்டில் சொட்டிப் பாருங்கள். அதில் சுருங்கினால் கேட்க வேண்டியது மாற்றுப் புட்டி மட்டுமே.